பன்னிரண்டாவது பெயர்

மம்மதுவுக்கு முன்பல் இரண்டும் போனது ஒரு ஜனாதிபதித் தேர்தலில். நம் நாட்டுத் தேர்தல் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கிலாம்பா என்று ஒரு நாடு, அங்கே நடந்த தேர்தல். அடி விழுந்தது மட்டும் மலையாள எல்லையோரத்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில், பட்டப்பகலில், அவருடைய சொந்தக் கடை வாசலில். எங்கோ எவனோ நாற்காலிக்கு அடித்துக்கொண்டால் கயிறு விற்கிற மனுஷனுக்கு என்ன வந்தது என்று சந்தையில் இன்றைக்கும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் ஒருத்தருக்கும் சொந்தத் தம்பியைக் குளிப்பாட்டிய அனுபவம் கிடையாது.

கடை பெரிய கடை ஒன்றும் இல்லை. தகரக் கூரை, வாசலில் குறுக்கே ஒரு மூங்கில் கழி, அதில் மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துமணி. நைலான் வந்த பிறகு எல்லாம் சிவப்பும் நீலமுமாகத் தொங்கும். கன்றுக்குத் தலைக்கயிறு கட்டுவதில் மம்மதுவுக்கென்று ஒரு முடிச்சு உண்டு. தாடைக்கு அடியில் இரண்டு சுற்று, காதோரம் ஒரு மடிப்பு. இழுத்தால் இறுகாது, உதறினால் அவிழாது. கயிறு வாங்குகிறவர்கள் முடிச்சையும் அவர் கையாலேயே போட்டு வாங்கிப் போவார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் பார்த்தால்கூட இது மம்மது கட்டியது என்று மாட்டுத் தரகர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஊரில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆண்களில் யாராவது வஃபாத்தானால் அந்த உடலை, மையத்தை, குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை நடுங்காது, வாய் பேசாது என்பது அவரைப் பற்றிப் பள்ளிவாசலில் சொல்லும் சொல். குளிப்பாட்டுகிறவன் மையத்தின் மேல் என்ன குறையைப் பார்த்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அது முறை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேரின் எத்தனையோ ரகசியங்களைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் அவரிடமிருந்து வெளியே வந்ததில்லை.

மூன்றாவது வேலையை யாரும் கொடுக்கவில்லை. அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. ஒன்பது வருடம் முன்பு தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்தில் தன் ஊர்ச் சந்தையைப் பற்றி ஒரு பக்கம் இருப்பதைப் போனில் பார்த்தார். சந்தைக் கிழமையைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். திருத்தினார். அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் சான்று இல்லை என்று பழையபடி மாற்றிவிட்டார். பொறந்ததிலிருந்து இந்தச் சந்தைக்குள் கிடக்கிறேன், எனக்கே சான்றா என்று மம்மதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் போய் நின்று, அச்சடித்த அறிக்கை ஒன்றை வாங்கி, பக்க எண் போட்டுத் திருத்தினார். அது நின்றது. அன்றைக்குப் பிடித்த பேய்தான். அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்கள் சான்றில்லாமல் ஒரு வரி எழுதினாலும் பாய்ந்து கடிப்பவராக அவரே ஆகிவிட்டார். 'கயிற்றுக்கடை' என்பது அங்கே அவர் பெயர். தேர்தல் பக்கங்கள் என்றால் அவருக்கு உயிர். பஞ்சாயத்து வார்டிலிருந்து வெளிநாட்டு ஜனாதிபதி வரைக்கும் வாக்கு எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து, கூட்டல் சரியில்லை என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். கூட்டல் சரியாக இருந்தால் சோறு இறங்குமா என்று மனைவி ருக்கியா கேட்பாள்.

அவருடைய தம்பி அஷ்ரஃப் கிலாம்பாத் தலைநகரில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் முன்பு அங்கே தேர்தல் வந்தபோது மம்மது தம்பிக்குத் தினமும் போன் செய்தார். நலம் விசாரிக்க என்று வீட்டில் நினைத்தார்கள். அவர் விசாரித்தது தேர்தலை.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம். ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்தவுடன் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அந்தத் தாள்களைக் கூட்டினால் எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்திருந்தார். நாலாவது நாள் ரேடியோவில் பழைய ஜனாதிபதியே ஜெயித்ததாகச் சொன்னார்கள். தெருவில் ஜனம் இறங்கியது. பட்டாளமும் இறங்கியது. சுவர்களில் இருந்த தாள்களைப் பட்டாளத்தார் கிழிக்க ஆரம்பித்தார்கள்.

அஷ்ரஃபின் கிட்டங்கிக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். அதில் தாள் இன்னும் கிழிபடாமல் இருந்தது. கலைக்களஞ்சியப் பக்கத்துக்கு அதைவிட நல்ல படம் கிடைக்குமா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று மம்மது கேட்டார். அண்ணன் கேட்டு அஷ்ரஃப் இல்லையென்று சொன்னதே கிடையாது. போனான், எடுத்தான், அனுப்பினான். படத்தில் எண்கள் தெரிந்தன, முத்திரை மங்கலாக இருந்தது. முத்திரை தெரியாத தாளை எவன் நம்புவான்? மம்மது உடனே கூப்பிட்டார். இங்கே மத்தியானம், அங்கே காலை பத்து மணி.

"முத்திரை தெரியலடா. இன்னொருக்கா போயி, கிட்டக்க நின்னு எடு" என்றார்.

"தெருவுல பட்டாளம் நிக்குதுங்ணா."

"ரெண்டு நிமிசம் ஆகுமா? எடுத்துப்போட்டு உள்ள போயிரு."

போனான். இரண்டாவது படம் வந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. மம்மது அதை அப்போதே பக்கத்தில் ஏற்றிவிட்டு, சந்தோஷமாக மறுபடியும் கூப்பிட்டார். அஷ்ரஃப் போனை எடுத்தான், ஆனால் பேசவில்லை. யாரோ புரியாத பாஷையில் கத்துவது கேட்டது. கட்டையால் எதையோ அடித்தது போல் ஒரு சத்தம். அஷ்ரஃப் "அண்ணா" என்றான், அந்த வார்த்தை பாதியிலேயே உடைந்து வந்தது. பிறகு மூன்று வெடி, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் லாரி ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. கடைக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டிக்காரர் கயிறு கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு மம்மது என்ன கயிறு கொடுத்தார் என்பது மம்மதுவுக்கு நினைவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து நெடும்பாசேரி விமான நிலையத்தில் பெட்டி வந்து இறங்கியது. கூட ஒரு சான்றிதழ். இதயம் செயலிழந்து இறந்ததாக மண்டிக் கம்பெனியின் டாக்டர் எழுதியிருந்தார். அதை நம்பவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மையத்தை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் அறுப்பார்கள். பத்தொன்பது நாள் கிடந்த மையத்தை இன்னும் அறுக்கவா, மத்தியான லுஹர் தொழுகைக்குள் அடக்கிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதிகமாகச் சொன்னவன் அஷ்ரஃபின் மச்சினன் சிக்கந்தர், மாட்டு வியாபாரி. அவன் தங்கை யாஸ்மின், அஷ்ரஃபின் மனைவி, உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மம்மது தலையை மட்டும் ஆட்டினார்.

குளிப்பாட்ட உதவிக்கு இரண்டு பேர் வந்தார்கள். பெட்டியைத் திறந்து துணியை ஒரு முழம் விலக்கியதுமே மம்மது அவர்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். நெஞ்சில் இரண்டு ஓட்டை, இடுப்பில் ஒன்று. பின்பக்கம் திருப்பினால் நெஞ்சு ஓட்டைகளில் ஒன்று முதுகு வழியாக வெளியே வந்திருந்தது, கை நுழையும் அகலம். எல்லாவற்றையும் சாக்குத் தைப்பது போல் தைத்திருந்தார்கள். தாடை நொறுங்கிப் போயிருந்தது. துப்பாக்கிக் கட்டையால் அடித்த அடி அது என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை, காதால் கேட்டவர். தையல் விட்டு இடது பக்கம் தாடை தொங்கியது. வாய் ஒரு பக்கமாகத் திறந்து, எதையோ சொல்ல வருவது போல் இருந்தது. துணியால் கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. துணி நழுவி நழுவி வந்தது.

அவருடைய சட்டைப் பையில் கடையிலிருந்து வந்த நீல நைலான் கயிறு ஒரு முழம் கிடந்தது. அதை எடுத்தார். தாடைக்கு அடியில் இரண்டு சுற்று, காதோரம் ஒரு மடிப்பு. கை தானாகவே போட்டது. தாடை நின்றது. ஓட்டைகளில் பஞ்சை அடைத்து, ஐந்து தடவை தண்ணீர் ஊற்றி, கற்பூரம் போட்டு, கஃபன் துணியைக் கழுத்துக்கு மேலே வழக்கத்தைவிட உயரமாகச் சுற்றினார். மையத்தின் குறையைச் சொல்லக் கூடாது என்ற முறை அன்றைக்கு அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மறைத்தது தம்பியின் குறையை இல்லை. இரண்டாவது போட்டோவை மறைத்தார்.

முகம் பார்க்க யாஸ்மினைக் கூட்டி வந்தார்கள். கண்ணும் மூக்கும் நெற்றியும்தான் தெரிந்தன.

"ஏனுங்க மச்சான், தாடையை எதுக்கு இத்தனை மூடியிருக்குது?" என்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டியில வந்ததும்மா. வீங்கியிருக்குது" என்றார்.

கபுர்க் குழிக்குள் இறங்கியவரும் மம்மதுதான். இறக்கிய பிறகு கஃபனின் கட்டுகளை எல்லாம் அவிழ்த்துவிடுவது வழக்கம். தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று மூன்றையும் அவிழ்த்தார். துணிக்குள் இருந்த நாலாவது கட்டை அவிழ்க்கவில்லை. பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். வேலந்தாவளம் அஷ்ரஃப், வயது முப்பத்தெட்டு, கிலாம்பாவில் மாரடைப்பால் வஃபாத்தானார். போட்டோவோடு வந்தது.

ஆறு மாதம் அவர் கலைக்களஞ்சியப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் பார்த்தார். பக்கம் நன்றாக வளர்ந்திருந்தது. மேலேயே அஷ்ரஃப் எடுத்த தாளின் படம். கீழே 'உயிரிழந்தோர்' என்று ஒரு பகுதி. கிலாம்பா அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னபடி பதினோரு பேர். பெயர்கள் வரிசையாக இருந்தன. வெளிநாட்டினர் யாரும் சாகவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்து மம்மதுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு என்று மாற்றி, கீழே எழுதினார்: அஷ்ரஃப், இந்தியத் தொழிலாளி, பட்டாளத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். காரணம்: சான்று இல்லை. மறுபடியும் போட்டார். மறுபடியும் போனது. அன்று பகல் முழுக்க ஒன்பது தடவை போட்டார், ஒன்பது தடவையும் போனது. பத்தாவது தடவை 'கயிற்றுக்கடை' என்ற பெயரையே ஒரு வாரம் பூட்டிவிட்டார்கள். பூட்டியவர் நிர்வாகி செல்வப்பிரியா. ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் ஏழு வருடமாக ஒருவர் கமாவை ஒருவர் திருத்தியவர்கள்.

அந்தப் பெண்மணி கெட்டவர் இல்லை. மம்மது இப்படி வெறி பிடித்து ஆடுகிற ஆள் இல்லையே என்று யோசித்து, அவராகவே சான்று தேடியிருக்கிறார். தேடினார், கண்டும் பிடித்தார். ஒரு வாரம் கழித்துப் பூட்டுத் திறந்து மம்மது உள்ளே போனபோது பக்கத்தில் புது வரி இருந்தது: இந்தக் கலவர நாட்களில் தலைநகரில் பணிபுரிந்த இந்தியத் தொழிலாளி அஷ்ரஃப் மாரடைப்பால் இறந்தார். வரிக்குப் பின்னால் சான்று எண். தொட்டால் மம்மது எழுதிக் கொடுத்த அறிவிப்பு வருகிறது, தம்பி சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோவோடு.

உரையாடல் பக்கத்தில் அது பொய் என்று எழுதினார். செல்வப்பிரியா பணிவாகவே பதில் சொன்னார். குடும்பத்தினரே வெளியிட்ட அச்சுச் சான்று இது, ஐயா. இதை மறுக்கும் வேறு சான்று வந்தால் மாற்றலாம். உங்கள் சொந்த அறிவு சான்று ஆகாது என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. மம்மது போனைக் கல்லாப்பெட்டி மேல் ஓங்கி அடித்தார். கண்ணாடி விரிசல் விட்டது.

சாட்சி ஒருத்தன் இருந்தான். அஷ்ரஃபோடு மண்டியில் லாரி ஓட்டிய பாண்டி. குமுளிப் பக்கம் ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்துக் குடும்பம். சண்டைக்குப் பிறகு ஊருக்கு வந்துவிட்டான் என்று கேள்வி. பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி மறுநாள் பதினோரு மணிக்கு மம்மது ஆனைக்கரையில் இறங்கினார். பாண்டி தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு வெளியே ஏலக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். வலது கையில் இரண்டு விரல் இல்லை. யாரென்று சொன்னவுடன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். மம்மது கதவடியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தவன், எடுத்தவுடன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு மோதினான். பின்மண்டையில் அடி. அந்தப் போட்டோவை அனுப்பச் சொன்ன அண்ணன் நீதானா என்று மட்டும் கேட்டான். மம்மது ஆமாம் என்றார். பிறகு கையை விட்டான், உட்கார்ந்தான், சொன்னான்.

"பள்ளிக்கூடத்துல இருந்து திரும்பி வரும்போதே பாத்துட்டாய்ங்கண்ணே. கிட்டங்கி கேட்ல வச்சு மடக்கிட்டாய்ங்க. போனக் குடுன்னு கேட்டாய்ங்க, இவன் குடுக்கல. நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டான். துப்பாக்கியத் திருப்பி ஒரே அடி, மூஞ்சியே கோணிப்போச்சு. அப்பயும் குடுக்கல. அப்பறந்தான் சுட்டாய்ங்க. நான் லாரிய விட்டு எறங்கக் கதவத் தெறந்தேன், என்னயும் சுட்டாய்ங்க. வெரலு ரெண்டும் கதவுலயே ஒட்டிக் கெடந்துச்சு."

ஹாரன் சத்தம் அதுதான். அடிபட்டவன் ஸ்டியரிங் மேல் விழுந்து கிடந்திருக்கிறான். டாக்டர் மாரடைப்பு என்று எழுதியதைச் சொன்னபோது பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். சுட்டாலும் இதயந்தானே நிக்கும் என்றான். இதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்வாயா என்று மம்மது கேட்டார். சொல்லத் தயார்தான். ஆனால் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறான். காகிதம் கேட்டார்களாம். அந்த நாட்டுக் காகிதமெல்லாம் பட்டாளத்தார் கையில் இருக்கிறது.

"எங்கிட்ட என்ன இருக்குண்ணே, மூணு வெரலு. சாட்சி உங்க ஊருல மண்ணுக்குள்ள கெடக்கு. அதத் தோண்டுங்க" என்றான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சொல் மம்மதுவோடு பஸ் மாறி மாறி வந்தது. கபுரைத் திறப்பது என்றால் விளையாட்டில்லை. மனைவி கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க வேண்டும், ஆர்.டி.ஓ. உத்தரவு போட வேண்டும். பெருமாட்டியில் தன் அண்ணன் சிக்கந்தர் வீட்டில் இருந்த யாஸ்மினைப் போய்ப் பார்த்தார். புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, தென்னந்தோப்புக்கு நடுவில் அந்த வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அஷ்ரஃபைச் சுட்டுக் கொன்றார்கள், நான் பார்த்தேன், மறைத்தேன் என்று சொன்னார். அவள் தையல் மிஷினை நிறுத்தவில்லை. ஊசி துணியை விட்டுப் போய் வெறும் தகட்டில் குத்திக்கொண்டே இருந்தது. ஏன் சுட்டார்கள் என்று கேட்டாள். பட்டாளத்தானுக்குக் காரணம் வேண்டுமா என்றார் மம்மது. பாதி உண்மை சொன்ன ஆள் மீதிப் பாதியை விட்டுவிட்டு மனுவை எடுத்து நீட்டினார். அவள் மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

உத்தரவு வந்த வாரம் சந்தை நாளில் சிக்கந்தர் வந்தான். கையில் மாடு ஓட்டும் சாட்டைக் கம்பு. ஏதாவது பேசுவான் என்று மம்மது எழுந்து நின்றார். பேசவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் ரத்தத்தோடு கீழே விழுந்தன, அந்த நேரத்திலும் மம்மது அவற்றை எண்ணிப் பார்த்தார். பிறகு தோளில், முதுகில், கீழே விழுந்த பிறகு விலாவில் பூட்ஸ் காலால். மூங்கில் கழி முறிந்து கயிறெல்லாம் சாணியில் விழுந்தது. மாடுகள் மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. ஜனம் அவற்றைப் பிடிக்கத்தான் ஓடியது.

"செத்தவன அறுக்க விடமாட்டம்னு அன்னிக்குத் தலையாட்டுனது யாரு? இன்னிக்குத் தோண்டோணுமா? கம்ப்யூட்டர்ல ஒரு வரி எழுதறதுக்கு என்ற தங்கச்சி புருசன வெளிய எடுக்கோணுமா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான் சிக்கந்தர்.

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. போலீசில் புகார் கொடு என்று ருக்கியா அழுதாள். அவர் மாட்டேன் என்று கையைக் காட்டினார்.

அஷ்ரஃபை அடக்கிப் பதிமூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குக் கபுரைத் திறந்தார்கள். பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். தாசில்தார், போலீஸ் சர்ஜன், போலீஸ்காரர் இரண்டு பேர், ஜமாஅத் செயலாளர், சிக்கந்தர், மம்மது. பெண்கள் உள்ளே வருவதில்லை என்பதால் யாஸ்மின் கபரஸ்தான் கேட்டுக்கு வெளியே ருக்கியாவோடு நின்றாள். துணி மறைப்புக்கும் கேட்டுக்கும் பத்தடிதான் இருக்கும்.

மண்வெட்டி பலகையில் முட்டிய சத்தம் கேட்டதும் சிக்கந்தர் திரும்பி நின்றுகொண்டான். நாற்றம் எழுந்து வந்தது. கஃபன் துணி மண்ணோடு மண்ணாக இற்றுப் போயிருந்தது. சர்ஜன் கையுறையோடு இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கினார். முதுகெலும்பில் ஒரு குண்டு சிக்கியிருந்தது. இடுப்பெலும்பில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டில் போட்டபோது டங் என்று சத்தம் வந்தது, கேட்டுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. பிறகு தலைப்பக்கம் வந்தார்.

தாடை நாலு துண்டு. நாலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு நீல நைலான் கயிறு. துணி இற்றது, சதை போனது, கயிறு மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. தாடைக்கு அடியில் இரண்டு சுற்று, காதோரம் ஒரு மடிப்பு. இழுத்தாலும் இறுகாத முடிச்சு மண்ணுக்குள் பதிமூன்று மாதம் கிடந்தும் அவிழாமல் இருந்தது. செயலாளர் பார்த்தார். சிக்கந்தர் திரும்பிப் பார்த்தான். சந்தைக்குப் போகிற எவனுக்கும் அது யார் முடிச்சு என்று தெரியும்.

இது யார் கட்டியது என்று சர்ஜன் மலையாளத்தில் கேட்டார். மம்மது ஒரு அடி முன்னால் வந்தார். நான்தான் என்றார். அப்படியானால் காயத்தைப் பார்த்தீர்களா? பார்த்தேன். பார்த்தும் ஏன் சொல்லவில்லை? தாசில்தார் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மையத்தின் குறையைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் முறை என்று சொல்லியிருந்தால் அவர்கள் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். செயலாளரே ஆமாம் என்றிருப்பார். மம்மது கேட்டுப் பக்கம் திரும்பினார். பல் போன வாயில் சொல் சரியாக வரவில்லை, அதனால் உரக்கச் சொன்னார்.

"மொத போட்டோ சரியில்லைன்னு ரெண்டாவது எடுக்கப் போகச் சொன்னவன் நாந்தானுங்க. பட்டாளம் நிக்குதுன்னு சொன்னான். போடான்னு நான் சொன்னேன். போனக் குடுக்காம நின்னதுக்குச் சுட்டுப்போட்டாங்க. அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

சிக்கந்தரின் கை முஷ்டியாக மடங்கியது. ஒரு போலீஸ்காரர் நடுவில் வந்து நின்றார். ஆனால் சிக்கந்தர் அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே யாஸ்மின்தான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"போட்டோ எடுக்கச் சொன்னீங்க, சரி. அவரு உங்க பேச்சுக்கு எப்பவும் போவாரு. அவரு வாயக் கட்டினீங்களே மச்சான், எங்கிட்ட வீங்கியிருக்குதுன்னு சொன்னீங்களே. நீங்க வந்து சொல்ற வரைக்கும் நான் அவருக்கு நெஞ்சு வலி வந்து தனியாக் கெடந்து செத்தாருன்னு நெனைச்சு நெனைச்சு அழுதேன். அவரு போனக் குடுக்காம நின்னு செத்திருக்காரு. அதத் தெரிஞ்சு அழறதுக்கு எனக்குப் பாத்தியம் இல்லீங்களா?"

ருக்கியா மம்மதுவின் முகத்தைப் பார்க்கவில்லை, யாஸ்மின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கயிற்றைச் சர்ஜன் அவிழ்க்கப் பார்த்து, முடியாமல், கத்தரித்து எடுத்து உறையில் போட்டார். தாடை விழுந்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. பாண்டி சொன்னதும் சர்ஜன் சொன்னதும் சேர்த்து மூன்று பத்தி. கிலாம்பாத் தேர்தல் கலவரத்தில் இந்தியத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டது உறுதி. இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக, அதில் எழுதும் அண்ணன் கேட்டபடி வாக்கெண்ணிக்கைத் தாளைப் படம் எடுத்தபோது சிக்கினார். உடலைக் குளிப்பாட்டிய அந்த அண்ணனே காயங்களை மறைத்து, மாரடைப்பு என்று பொய் அறிவிப்புக் கொடுத்திருந்தார். தாடையில் கட்டியிருந்த மாட்டுக் கயிற்றின் போட்டோகூடப் போட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் செல்வப்பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டிருந்தார். பிறகு, பன்னிரண்டு என்று மாற்றவும் பெயரைச் சேர்க்கவும் இப்போது தடை இல்லை, நீங்கள் குடும்பத்தினர் என்பதால் நானே எழுதிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசியாக ஒரு கேள்வி. சான்றில் உங்களைப் பற்றியும் இருக்கிறது, ஐயா. கட்டுரைக்கு அது கட்டாயம் இல்லை. சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் விருப்பம் எப்படி?

மம்மது கடையில் உட்கார்ந்து விரிசல் விட்ட போனில் வெகுநேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனசு அந்த டீச்சருக்கு. இன்னொரு முறை மூடிக்கொள்ள ஒரு துணியை நீட்டுகிறார், மடித்து, அழகாக. வாங்கிக்கொண்டால் கேட்க யாரும் இல்லை. பிறகு ஏழு வருடமாகப் புதியவர்களைக் கடித்த அதே வாக்கியத்தை எழுதினார்: சான்றில் உள்ளபடி எழுதவும்.

மாலையில் பக்கத்தில் வந்துவிட்டது. பதினோரு பெயருக்குக் கீழே பன்னிரண்டாவது பெயர். அதற்குப் பக்கத்தில் வரி: அஷ்ரஃப், இந்தியத் தொழிலாளி, வாக்கெண்ணிக்கைத் தாளைப் படம் எடுத்ததற்காகப் பட்டாளத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார், படத்தைக் கேட்டவரும், கொலையை மறைத்தவரும் அவருடைய அண்ணன்.

ருக்கியா பக்கத்தில் வந்து நின்றாள். கபரஸ்தானுக்குப் பிறகு அவள் அவரோடு பேசியிருக்கவில்லை.

"என்னங்க எழுதியிருக்காங்க? சரியா இருக்குதுங்களா?" என்றாள்.

மம்மது ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார், இன்னொரு முறை படித்தார். திருத்து என்ற பொத்தான் வரிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"சரியா இருக்குது. திருத்தறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.